உலகத்திலிருந்து வந்த பாட்டு

பட்டாளத்தில் சேர்ந்தவனுக்குச் சொந்தம் என்று என்ன மிஞ்சுகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம். தலைமயிரை முதல் நாளே சர்க்கார் வெட்டிவிடுகிறது. சட்டையும் பூட்ஸும் சர்க்காருடையவை. எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எதைச் சாப்பிடுவது, எந்த ஊரில் போய் உயிரை விடுவது, ஒன்றும் அவன் கையில் இல்லை. எந்தப் பாட்டு தனக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் எந்த ஸார்ஜண்டும் உத்தரவு போட்டு மாற்ற முடியாது.

வியட்நாமுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணந்தான் வருகிறது. அவர்களில் பலர் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். தரைப் படையில் 12 மாதம், மரீன் படையில் 13 மாதம் என்று கணக்கு. காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வருவார்கள். இதில் ஒரு சங்கதி பாருங்கள். தாய்நாட்டை அவர்கள் பேச்சு வழக்கில் 'உலகம்' என்றே குறிப்பிட்டார்கள். உலகத்துக்குத் திரும்ப இன்னும் நாற்பது நாள் என்றால், வீட்டுக்குப் போக இன்னும் நாற்பது நாள் என்று பொருள். அப்படியானால் தாங்கள் இருந்த இடத்தை என்னவென்று நினைத்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த 'உலக'த்தோடு அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு இரண்டு. ஒன்று கடிதம், மற்றது பாட்டு. பாட்டு என்றால், ராக் பாட்டு. வாசகர்களில் சிலர் இப்போதே காதைப் பொத்திக்கொள்வது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்று ஒரு கோஷ்டி. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுடைய பாட்டு ஒன்று முடிந்துவிடும். அநேகமாக எல்லாம் இரண்டு மூன்று நிமிஷப் பாட்டுக்கள்தாம். கலிபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற சிற்றூரைச் சேர்ந்த நாலு பேர். ஜான் போகர்ட்டி, அவருடைய அண்ணன் டாம், ஜானுடன் பள்ளியில் படித்த ஸ்டூ குக், டக் கிளிபர்ட். வியட்நாமுக்குப் போகிற சிப்பாய்கள் ஆயிரக் கணக்கில் வந்து கூடிய ஓக்லண்ட் ராணுவத் தளம் இவர்கள் ஊருக்குச் சில மைல் தூரத்தில்தான் இருந்தது.

1968-ல் முதல் இசைத்தட்டு வந்தது. அடுத்து 1969 ஒரே வருஷத்தில் மூன்று நெடுந்தட்டுகள்! ஏப்ரல் 1969-ல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படை 5,43,000 பேர். அந்தப் போரிலேயே உச்சகட்ட எண்ணிக்கை அது. அந்த வருஷத் தொடக்கத்தில் விமானமேறியவனை நினைத்துப் பாருங்கள். ஊரில் அவனுடைய சிநேகிதன் ஒவ்வொரு தட்டும் வந்தவுடன் கடைக்கு ஓடி வாங்கி, மாடி அறையில் ஊசியை வைத்துக் கேட்கிறான். இவன் திரும்பி வரும்போது அவை எல்லாம் பழைய பாட்டுக்கள் ஆகியிருக்கும். ஒரு வருஷம் போய்விட்டது என்பதை அவனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனால் அவன் சும்மா இருந்துவிடவில்லை. ஏ.எப்.வி.என். என்ற ராணுவ வானொலி இருந்தது. கையடக்க டிரான்சிஸ்டரில் அது கேட்டது. காலையில் அறிவிப்பாளர் நீட்டி முழக்கி வியட்நாமுக்கு வணக்கம் சொல்வதை 1987-ல் ஒரு சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். வானொலியில் கேட்டது போதாதவர்களுக்குப் பி.எக்ஸ். என்ற பட்டாளத்துக் கடை. நம் ஊர் மிலிடரி கேன்டீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸோனி, அக்காய் போன்ற ஜப்பான் டேப் ரிகார்டர்கள் அங்கே மலிவு. ஒருவனுக்குத் தங்கை ஊரிலிருந்து ஒரு தட்டு அனுப்பினால் போதும், கொட்டகை முழுவதும் அதை டேப்பில் பதிவு செய்துகொள்ளும். தங்கைதான் தபால்தலை ஒட்ட வேண்டும். சிப்பாய் நன்றிக் கடிதம் எழுதினால், தபால்தலை இருக்க வேண்டிய மூலையில் 'இலவசம்' என்று கையால் எழுதிப் போட்டால் சரி.

இந்தச் சுகமெல்லாம் முகாமில் இருந்தவர்களுக்கு. காட்டில் ரோந்து போகிறவன் சத்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து. அவன் சேறும் தாடியுமாக முகாமுக்குத் திரும்பும்போது கொட்டகையில் ஏதோ புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அவன் அதைக் கேட்டே இராததைக் கண்டு மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

ராணுவ வானொலி போதவில்லை என்று கள்ள வானொலி நடத்தியவரும் உண்டு. 'டேவ் ராபிட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட ஒரு விமானப் படை ஸார்ஜண்ட், 1971 ஜனவரியில் ஸைகோனிலிருந்து மூன்று வாரம் இரவுதோறும் ராக் ஒலிபரப்பினார். அவர் பேசிய பேச்சைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

புகழ் பெற்ற ராக் கோஷ்டிகள் அநேகமாகப் போர்முனைப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் பிலிப்பைன்ஸ், கொரியா, வியட்நாம் நாட்டுக் கலைஞர்கள். ஸைகோனில் அண்ணன் தம்பி தங்கைகளாகச் சேர்ந்து ஸி.பி.ஸி. என்ற கோஷ்டி நடத்தினார்கள். வியட்நாமிய மொழியில் 'தாயாரின் பிள்ளைகள்' என்ற பொருள் தரும் சொற்களின் முதல் எழுத்துக்கள் அவை. அந்தப் பிள்ளைகள் அமெரிக்கப் பாட்டை அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பாடிக் காட்டினார்கள். பிற்பாடு அவர்களே அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் குடியேற நேர்ந்தது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். சிப்பாய்கள் உயிராக நேசித்த பாட்டுக்களில் பல, அவர்களை நினைத்து எழுதப்பட்டவையே அல்ல. 1965-ல் 'அனிமல்ஸ்' என்ற ஆங்கிலேயக் கோஷ்டி ஒரு பாட்டுப் பாடிற்று. இந்த இடத்தை விட்டு எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் பல்லவியின் கருத்து. எழுதியவர்கள் நியூயார்க்கில் ஒரு தம்பதி. ஏழைப் பேட்டையில் அகப்பட்டுக்கொண்ட ஓர் இளைஞனுடைய கதை அது. வியட்நாமில் இருந்தவனுக்கு எந்த ஏழைப் பேட்டை? பல்லவி ஒன்று போதும் அவனுக்கு! கிளப்பில் அந்தப் பாட்டு எழுந்தால் கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்தும். டக் பிராட்லி என்ற முன்னாள் சிப்பாயும் கிரெய்க் வெர்னர் என்ற பேராசிரியரும் வியட்நாம் வீரர்களின் பாட்டு நினைவுகளைத் திரட்டி 2015-ல் வெளியிட்ட புத்தகத்துக்கும் அந்தப் பாட்டின் பெயரைத்தான் வைத்தார்கள்.

போகர்ட்டியின் பாட்டுக்கும் அதே கதி. காட்டுக்குள் ஓடுவதைப் பற்றி 1970-ல் ஒன்று பாடினார். வியட்நாம் காடுதான் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பெருகிவிட்ட துப்பாக்கிகளைப் பற்றியே தாம் எழுதியதாக அவர் பிற்பாடு விளக்கினார். யார் கேட்டார்கள்?

ஆனால் ஒரு பாட்டு நேராகவே எழுதப்பட்டது. பெரிய இடத்துப் பிள்ளைகள் போருக்குத் தப்ப, மற்றவர்கள் போகிறார்கள் என்று கோபமாகச் சொல்லும் 1969-ம் வருஷப் பாட்டு. அந்தக் கோபத்துக்கு அவருக்குக் கொஞ்சம் உரிமை இருந்தது. 1966-ல் அவருக்கும் கட்டாய ராணுவ ஓலை வந்தது. ரிஸர்வ் படையில் சேர்ந்து போருக்குப் போகாமல் தப்பினார். டக் கிளிபர்ட் கடலோரக் காவல் ரிஸர்வில் சேர்ந்தார். போகர்ட்டி வெயிலில் அணிவகுத்து நடந்தபோதே மனத்துக்குள் பாட்டுக் கட்டியவர். 1968-ல் விடுதலைக் காகிதம் வாசற்படியில் கிடந்ததைக் கண்டு துள்ளிக் குதித்து உள்ளே போய்க் கிதாரை எடுத்தாராம். அப்போது பிறந்ததுதான் 'பிரவுட் மேரி'. அதே வயதில் அந்தக் காகிதம் கிடைக்காதவர்கள் அதை டேப்பில் கேட்டார்கள்.

1972-ல் கோஷ்டி கலைந்தது. 1973 மார்ச்சில் அமெரிக்கப் படைகளும் கிளம்பிவிட்டன. இசைத்தட்டுக் கம்பெனியோடு ஏற்பட்ட தகராறில் மனம் கசந்த போகர்ட்டி, தாமே எழுதிய அந்தப் பாட்டுக்களை மேடையில் பாடுவதில்லை என்று சுமார் பதினைந்து வருஷம் பிடிவாதமாக இருந்தார். பணத்தகராறில் பாட்டு ஊமையாவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் வலி அவருடையது.

1987 ஜூலை 4-ம் தேதி வாஷிங்டனுக்கு அருகே வியட்நாம் வீரர்களுக்காக ஒரு பெரிய கச்சேரி நடந்தது. ஊருக்குத் திரும்பியபோது அவர்களை யாரும் சரியாக வரவேற்கவில்லை என்பதற்காகக் காலம் கடந்து நடத்திய வரவேற்பு அது. போகர்ட்டி மேடையேறினார். அந்தப் பழைய பாட்டுக்களையே பாடினார். 1969-ல் பத்தொன்பது வயதாக இருந்தவனுக்கு அன்று முப்பத்தேழு.