பலாலிக்குச் சொல்லும் காற்று, நெடுந்தீவுக்கு?

1990இல் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மண்ணில், 2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமானது. ஓடுபாதையின் இலக்கங்கள் 05, 23. அதாவது ஏறத்தாழ 50, 230 பாகை; எங்கள் வாடையும் சோளகமும் வரும் திசைகள்தான்.

விமானிகளுக்கான ‘மெற்றார்’ அறிக்கை காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், அமுக்கம் எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடும். 9999 என்றிருந்தால் பார்வைத் தூரம் 10 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல்.

நெடுந்தீவு நோயாளிக்கோ, காற்றுக் கூடிப் படகு ஓடாது என்பது மாவிலித்துறைக்கு வந்த பிறகுதான் பல நாள்களில் தெரிகிறது. பலாலி அறிக்கையை அங்கே ஒட்டினாலும் போதாது. அதில் அலை உயரம் இல்லை. செலவும் பெரிதல்ல. மாவிலித்துறையிலும் குறிகட்டுவானிலும் காற்றையும் அலையையும் அளந்து, முதல் படகுக்கு முன்பே தமிழில் அறிவியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.