நவம்பர் தேர்தல் ஜூன் மாதமே முடிந்துவிட்டால்? அமெரிக்க ‘பிரைமரி’ சொல்லும் பாடம்

நியூயார்க்கில் பிராங்ஸ், குயின்ஸ் பகுதிகளைச் சேர்ந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதி. 2018 ஜூன் 26 அன்று, பத்து முறை வென்ற ஜோ க்ரவுலியை 28 வயதுப் பெண் ஒருவர் தோற்கடித்தார். அவர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். சில மாதங்களுக்கு முன்புவரை பாரில் வேலை பார்த்தவர்.

இதில் கவனிக்க வேண்டியது, இருவரும் ஒரே கட்சி. ஜனநாயகக் கட்சி. அது எம்.பி. தேர்தலே இல்லை. ‘நம்ம கட்சி சார்பா யார் நிக்கணும்?’ என்று முடிவு செய்யும் தேர்தல். அதுதான் பிரைமரி.

சிம்பிளாகச் சொன்னால், வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடாது. வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு எழுதுவார்கள். சில மாநிலங்களில் அந்தக் கட்சி ஆதரவாளராகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். இது ‘குளோஸ்டு பிரைமரி’. நியூயார்க் இந்த வகை. சில மாநிலங்களில் எந்த வாக்காளரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் பங்கேற்கலாம். இது ‘ஓப்பன் பிரைமரி’.

ஏன் வந்தது இது?

1968-ஐப் பார்த்தால் புரியும். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம். ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் போரை எதிர்த்தவர்கள் அதிக ஓட்டு வாங்கினார்கள். ஆனால், சிகாகோ மாநாட்டில் அதிபர் வேட்பாளரானவர் துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி. அவர் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை! அப்போது மாநாட்டுப் பிரதிநிதிகளில் பெரும்பாலானோரைத் தேர்வு செய்தது மாநிலக் கட்சித் தலைவர்கள்தான். மாநாட்டுக்கு வெளியே போராட்டமும் போலீஸ் தடியடியும். நவம்பரில் ஹம்ப்ரி நிக்சனிடம் தோற்றார்.

‘அப்புறம் எதுக்கு எங்ககிட்ட ஓட்டு கேட்டீங்க?’ என்ற கோபத்துக்குக் கட்சி பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு விதிகளை மாற்றி எழுதியது. 1972 முதல் பிரைமரி முடிவுகளே அதிபர் வேட்பாளரைத் தீர்மானிக்கத் தொடங்கின. மூடிய அறையின் கதவைத் திறப்பதுதான் பிரைமரியின் நோக்கம்.

கதவு திறந்தது, உள்ளே வந்தது யார்?

இங்கேதான் சிக்கல். 2018-ல் அந்த நியூயார்க் பிரைமரியில் பதிவான ஓட்டு சுமார் 30,000. தொகுதியின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 7 லட்சம். அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்பதால், நவம்பரில் 78 சதவீத ஓட்டுகளோடு அவர் ஈஸியாக ஜெயித்தார். அதாவது, உண்மையான போட்டி ஜூன் மாதமே முடிந்துவிட்டது. நவம்பரில் வந்தவர்கள் போட்டது கிட்டத்தட்ட ஒப்புதல் கையெழுத்து.

குடியரசுக் கட்சியிலும் இதே கதை. 2014-ல் பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவராக இருந்த எரிக் கேன்டர், வர்ஜீனியா பிரைமரியில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் தோற்றார். அன்றிலிருந்து பல எம்.பி.க்களுக்கு எதிர்க்கட்சியைவிட சொந்தக் கட்சியின் தீவிர ஆதரவாளர்கள் மேல்தான் பயம் அதிகம். எதிர்த்தரப்போடு சமரசம் பேசினால் அடுத்த பிரைமரியில் சீட் போய்விடுமே!

இதனால்தான், ‘வேட்பாளர் தேர்வைத் தலைமையிடமே திருப்பிக் கொடுத்துடலாம்’ என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூடிய அறையில் எடுக்கும் முடிவு தப்பாகப் போனால், அடுத்த முறையும் அதே அறைதான் முடிவெடுக்கும். பிரைமரியில் தப்பு நடந்தால், இந்த முறை வராதவர் அடுத்த முறை வந்து மாற்றலாம். முதல் குறைக்கு வாக்காளரிடம் மருந்து இல்லை, இரண்டாவதற்கு இருக்கிறது.

இந்தியாவிலும் 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் சில தொகுதிகளில் பிரைமரி முறையைச் சோதித்துப் பார்த்தது. பிறகு அது பெரிதாக வளரவில்லை. நாம் இன்னும் பட்டியல் வெளியாகும் நாளில்தான் நம் வேட்பாளரைத் தெரிந்துகொள்கிறோம்.

பட்டியலில் இருப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது பாதி உரிமைதான். பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பது மீதிப் பாதி. அமெரிக்கர்கள் அந்த மீதியைச் சண்டை போட்டு வாங்கினார்கள். வாங்கியதைப் பயன்படுத்த ஜூன் மாதத்தில் வாக்குச்சாவடிக்குப் போகிறார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி.