எருவுக்கு ஏன் வெட்கம்?

பிள்ளைகளைப் பாட்டுக்கும் பரதநாட்டியத்துக்கும் கணிப்பொறிக்கும் தயங்காமல் அனுப்பும் நம் குடும்பங்கள், சமையலறைக் கழிவை எருவாக்கும் அரைநாள் பயிற்சிக்கு மட்டும் வர மறுப்பது ஏன்? சில காலமாகவே என்னை உறுத்தி வரும் கேள்வி இது. எங்கள் குடியிருப்பில் அப்படியொரு பயிற்சி நடந்தபோது வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்யும் பெண்கள்தாம். அவர்களை அனுப்பிவைத்த வீட்டுக்காரர்களோ மாடியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "குப்பை கிளறவா இவ்வளவு படித்தோம்?" என்று கேட்டார் நண்பர் ஒருவர்.

நாற்றம் வரும், புழு வைக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் காற்றுப் புகாமல் ஈரம் மிஞ்சினால்தான் நாற்றம் வரும். காய்கறித் தோல், காப்பிப்பொடிச் சக்கை இவற்றின் மேல் தினமும் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ தூவி, அவ்வப்போது கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் இன்னும் சருகு சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையோடு எரு கிடைக்கும்.

இவ்வளவு எளிய வேலைக்கு நாம் தயங்குவதற்குக் காரணம், குப்பையைத் தொடுவது வேறு யாரோ செய்ய வேண்டியது என்ற பழைய சாதி நினைப்புத்தான் என்பது என் கருத்து. அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். நம்மோடு அதுவும் ரயிலேறி வந்துவிட்டது.

அதற்கு விலை கொடுப்பவர்கள் பிறர். பெங்களூர்க் குப்பையை ஆண்டுக்கணக்கில் சுமந்த மாவள்ளிபுரா மக்கள் 2012இல் போராடி லாரிகளை நிறுத்தினார்கள். மண்டூர் மக்களின் போராட்டத்தால் 2014 இறுதியில் அங்கும் கொட்டுவது நின்றது. ஈரக்குப்பைக்குப் பச்சைத் தொட்டி, கழிக்க வேண்டியதற்குச் சிவப்புத் தொட்டி, உலர்குப்பைக்கு ஒரு பை என்று வீட்டிலேயே பிரிக்கும்படி 2015இல் கர்நாடக உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்தப் பையை அவிழ்த்துக் கையால் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரு குடும்பத்தின் தாயோ தந்தையோதான்.

நாம் பிழைக்க வந்த இந்த நகரத்துக்கு எரு புதிதல்ல. 1939இல் ஆச்சாரியா என்பவர் இங்கு உருவாக்கிய, கழிவுகளைக் குழியில் அடுக்கி மட்கவைக்கும் முறையை வேளாண்மை நூல்கள் 'பெங்களூர் முறை' என்றே குறிப்பிடுகின்றன. எருவாக்கக் கற்பிப்பதற்கென்றே 2017இல் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 'ஸ்வச்சாக்ரஹ கலிகா கேந்திரா' தொடங்கப்பட்டது.

நமக்கும் அது புதிதல்ல. விவசாயம் செய்த நம் தாத்தா பாட்டிமாரின் வீட்டுக் கொல்லையில் எருக்குழி இருந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டபோது எவ்வளவு மகிழ்ந்தோம்! ஏர் ஓட்டுவதைவிட எரு இடுவதே மேல் என்று சொன்னவர் அவர். அவர் சிலைக்கு மாலையிடும் கை எருத்தொட்டியைத் தொட்டால் குறைந்துவிடாது.

வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை உங்கள் பகுதியில் பயிற்சி நடந்தால், வேலைக்கு வரும் பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்களும் வந்து, அவருக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள்.