‘பி.பி.யால் வந்தது’ என்று எழுதி அனுப்புவது பற்றி: சங்கத்தின் நிலைப்பாடு

மூளையில் ரத்தம் கசிந்த பேளூர் இளைஞரை ‘பி.பி.’ என்று எழுதி அனுப்பிய விஷயம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிய போன கூட்டத்து வாக்குவாதமும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

45 வயதுக்கு உட்பட்டவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தால், இயன்றவரை, ரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்காமல் ‘பி.பி.’ என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. (‘இயன்றவரை’ என்பது செயற்குழுவின் டாக்டர் உறுப்பினர்கள் கேட்டுச் சேர்த்தது.)

கேஷுவால்டியில் பி.பி. 180 காட்டியதே என்கிறார்கள். காட்டத்தான் செய்யும். கசிந்த ரத்தம் மண்டைக்குள் அழுத்தினால், அதுவரை பி.பி.யே இல்லாதவருக்கும் ஏறும். பல வருஷத்துப் பி.பி. என்றால் பெரும்பாலும் இதயச் சுவர் தடித்திருக்கும், விழித்திரையில் தடம் இருக்கும். எக்கோ எடுத்தார்களா? கண்ணைப் பார்த்தார்களா? பி.பி. கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் வரும். மேற்பரப்பை ஒட்டிக் கசிந்திருந்தால், தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக் கிடக்கும் ஏ.வி.எம். இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டாமா? அது உப்பாலோ குடியாலோ வருவதில்லை. அந்த இளைஞரின் வீட்டாரிடம் போய் ‘உப்பைக் குறைக்கச் சொன்னோமே’ என்றவர்களுக்கு மனசாட்சி இருக்கிறதா? (இந்த வரியை எடுத்துவிடலாம் என்றார்கள். எடுக்கவில்லை.)

அமெரிக்கப் பக்கவாதச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், மேற்பரப்புக் கசிவு என்றால் 70 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ பார்க்கச் சொல்கிறது. நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவு.

சி.டி. ஆஞ்சியோவில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் கதை முடியவில்லை. உறைந்த ரத்தக்கட்டி சிறிய ஏ.வி.எம்.மை நசுக்கி மறைத்துவிடும். தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ. தேவைப்படலாம், கட்டி கரைந்தபின் இன்னொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கலாம். கேவர்னோமா என்ற ரத்தக்குழாய்க் கொத்து ஆஞ்சியோவிலேயே தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ.தான். காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் என்பவரைக் காது டாக்டரோடு நிறுத்திவிடாதீர்கள். மூளையுறையில், தமனியும் சிரையும் தவறாக இணைந்த ஃபிஸ்டுலா இருக்கக்கூடும்.

தற்செயலாகக் கண்ணில்பட்ட, கசியாத ஏ.வி.எம்.முக்கு உடனே ஆபரேஷன் என்று யாரும் அவசரப்படுத்த வேண்டாம். 2014-இல் வெளியான அருபா ஆய்வு, மருந்தோடு கவனித்து வருவதே அப்போதைக்கு மேல் என்று காட்டியது. அதன்மேல் விவாதம் உண்டு; அதற்குள் சங்கம் போகவில்லை.

உறுப்பினர்களுக்கு: ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பிலிமும் படம் பதிந்த குறுந்தகடும் கேட்டு வாங்குங்கள். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில், ரத்தக்குழாய்ப் படம் எடுத்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.