‘தொடங்கு’ என்று சொல்வது யார்?

உயிரியல் வகுப்பில் ஆசிரியர் புதிதாக ஒன்றைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: “இது தேர்வில் வருமா?” கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்குக் காரணம் சொல்ல, உங்கள் உடலில் இருக்கும் ஒரு புரதத்தையும் சிங்கப்பூரில் வாழ்ந்து மறைந்த ஒரு விஞ்ஞானியையும் சாட்சிக்கு அழைக்கிறேன்.

உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கிறது. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை எங்கே தொடங்குகிறது? ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நம் குரோமோசோம்களில் மிகப் பெரியதில் ஏறத்தாழ 25 கோடி எழுத்து இணைகள் உள்ளன. படியெடுக்கும் புரதங்கள் நிமிடத்துக்குச் சுமார் 2,000 எழுத்துகளைக் கடக்கின்றன. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை போனால் சுமார் 87 நாள்கள் ஆகும். உயிரணுவோ மொத்த வேலையையும் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. காரணம், அது பல்லாயிரம் இடங்களில் வேலையைத் தொடங்குகிறது.

இங்கேதான் சிக்கல். தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலை நெடுக விளக்கு கட்ட நூறு குழுக்களை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். எந்த இடமும் விடுபடக்கூடாது. ஓர் இடத்தில் இருமுறை கட்டவும் கூடாது. என்ன செய்யலாம்? பகலில் ஒரு மேற்பார்வையாளர் நடந்துபோய், வேலை தொடங்க வேண்டிய இடங்களில் மட்டும் குறி போடட்டும். இரவில் குழுக்கள் வந்து, குறியைப் பார்த்து வேலையைத் தொடங்கி, குறியை அழித்துவிடட்டும். இரவில் யாரும் புதுக் குறி போடக்கூடாது. இந்த ஒரு விதி போதும்.

உயிரணுவும் இதைத்தான் செய்கிறது. அதன் மேற்பார்வையாளர் ‘ஓஆர்சி’ எனப்படும் ஆறு புரதங்களின் கூட்டணி. அதில் ஒன்று ஓஆர்சி1. இந்தக் கூட்டணி டிஎன்ஏமீது அமர்ந்து, சிடிசி6, சிடிடி1 என்ற இரு புரதங்களின் உதவியோடு, ‘எம்சிஎம்’ என்னும் வளையப் புரதங்களை அங்கே மாட்டிவிடுகிறது. அதுதான் குறி. படியெடுத்தல் தொடங்கியதும் அந்த வளையங்கள் டிஎன்ஏவின் இரு இழைகளைப் பிரித்தபடி நகர்ந்துவிடுகின்றன. சிடிடி1 அழிக்கப்படுகிறது. மனித உயிரணுவில் ஓஆர்சி1 அளவும் குறைந்துவிடுகிறது. புதுக் குறி போட ஆளில்லை. ஆகவே ஒவ்வோர் இடமும் ஒரே ஒரு முறைதான் படியெடுக்கப்படுகிறது. இந்தக் கட்டுப்பாடு தவறினால் டிஎன்ஏ சேதமடையும். புற்றுநோய்க்கும் அது வழிவிடலாம்.

இப்படி ஒரு புரதம் இருக்க வேண்டும் என்று யாருக்கு முதலில் தோன்றியது? 1963இல் பிரான்சுவா ஜேக்கப், சிட்னி பிரென்னர், பிரான்சுவா குசேன் ஆகிய மூவரும் பாக்டீரியாவை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். டிஎன்ஏவில் ஒரு தொடக்க இடம் உண்டு. அதைக் கண்டுபிடித்து ‘தொடங்கு’ என்று சொல்லும் ஒரு பொருளும் உண்டு என்றார்கள்.

அந்தப் பிரென்னர்தான் பின்னாளில் சிங்கப்பூரின் அறிவியல் வளர்ச்சிக்கு ஆலோசகராக இருந்தவர். மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆய்வுக்கு இங்கே ஒரு கழகம் அமையவும், அடுத்து பயோபொலிஸ் உருவாகவும் துணைநின்றவர். 2002இல் நோபெல் பரிசு பெற்றார். மறு ஆண்டு சிங்கப்பூர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. 2019 ஏப்ரலில் இங்கேயே காலமானார்.

அவர்களின் ஊகம் நம்மைப் போன்ற கருவுள்ள உயிரணுக்களுக்கும் பொருந்துமா என்பதற்கு விடை வர 29 ஆண்டுகள் ஆயின. 1992இல் ஸ்டீபன் பெல், புரூஸ் ஸ்டில்மன் இருவரும் ஈஸ்டில் ஓஆர்சியைக் கண்டுபிடித்தார்கள். ஆமாம், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். பின்னர் அதன் மனித வடிவமும் அடையாளம் காணப்பட்டது.

2011இல் கதை மருத்துவமனைக்குள் நுழைந்தது. மையர்-கோர்லின் என்ற அரிய நோயுடன் பிறக்கும் பிள்ளைகள் மிகக் குள்ளமாக இருப்பார்கள். காதுகள் மிகச் சிறியவை. முழங்கால் சில்லு சிறுத்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பெரும்பாலும் அறிவுத்திறனில் குறையிருக்காது. இவர்களில் பலருக்கு ஓஆர்சி1 உள்ளிட்ட ‘குறி போடும்’ புரதங்களின் மரபணுக்களில் பிழை இருப்பதை ஆய்வாளர்கள் அந்த ஆண்டு கண்டறிந்தார்கள். நோயை நீக்க மருந்து இல்லை. ஆனால் “எங்கள் பிள்ளைக்கு ஏன் இப்படி?” என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு விடை கிடைத்தது. அடுத்த குழந்தைக்கும் இது வர எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவரால் விளக்க முடிந்தது.

“சிங்கப்பூர் சிறிய நாடு. 2021 முதல் 2025 வரை ஆய்வுக்காக 25 பில்லியன் வெள்ளிக்கும் மேல் ஒதுக்கியது. அது மக்கள் பணம். பயனுள்ள ஆய்வுக்குத்தானே அது போக வேண்டும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயனை நேரடியாகத் தேடும் ஆய்வு நிச்சயம் வேண்டும். ஆனால் 1963இல் பிரென்னரிடம் “இதனால் என்ன பயன்?” என்று கேட்டிருந்தால், முழங்கால் சில்லு இல்லாத ஒரு குழந்தையை அவர் சொல்லியிருக்க முடியுமா? பயனை முன்கூட்டியே காட்டச் சொன்னால், இத்தகைய கேள்விகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும். பணத்திலும் நேரத்திலும் ஒரு பங்கை, பயன் தெரியாத நல்ல கேள்விகளுக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். ஒரு நாட்டுக்குப் பொருந்தும் இந்த விதி, உங்கள் வாரப் பாட அட்டவணைக்கும் பொருந்தும்.

ஆகவே அடுத்த முறை “தேர்வில் வருமா?” என்று கேட்டபின், இன்னொன்றும் கேளுங்கள்: “இது எப்படித் தெரிந்தது? இன்னும் எது தெரியவில்லை?”

ஒன்றை நானே சொல்கிறேன். ஈஸ்டில் ஓஆர்சி தேடிச் செல்லும் எழுத்து வரிசை எது என்று தெரியும். மனித டிஎன்ஏவில் அப்படி நிலையான வரிசை எதுவும் காணப்படவில்லை. பிறகு நம் ஓஆர்சி எந்த அடையாளத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது? முழு விடை இன்னும் இல்லை. இந்தக் கேள்வி உங்கள் தேர்வில் வராது. விடை தெரிந்தால்தானே வரும்!