மாத நடுவில் வரும் வலி

மாதவிலக்கின்போது வரும் வலியைப் பெண்கள் அனைவரும் அறிவர். விலக்கு முடிந்து பத்து நாள் சென்றபின், அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தினால்? 'வாயுதான்' என்று ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடும் சகோதரிகள் உண்டு.

பெரும்பாலும் இது சினைமுட்டை வெளியாகும் வலி. அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன், முட்டையைத் தாங்கிய சிறு நீர்ப்பை பருத்து வெடிக்கிறது. அதிலிருந்து கசியும் நீரும் சிறிது இரத்தமும் வயிற்றின் உட்சவ்வை உறுத்துகின்றன. ஒரு மாதம் வலப்பக்கம், மறுமாதம் இடப்பக்கம் என்று வலி மாறலாம். சில நிமிடங்களிலோ ஓரிரு நாட்களிலோ தணிந்துவிடும்.

இதற்கு வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும் போதும். தேவையானால் பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். சுவர் நாட்காட்டியில் விலக்கு நாளையும் வலித்த நாளையும் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதங்களில் கணக்குப் புரிந்துவிடும்.

ஆனால் எல்லா வலியும் இதுவல்ல. வலப்பக்க வலி நேரம் ஆக ஆகக் கூடி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். விலக்குத் தள்ளிப்போய், வலியோடு மயக்கமோ உதிரப்போக்கோ கண்டால், கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. சிலிம் ரிவர் வட்டாரச் சகோதரிகளே, கைவைத்தியம் பார்த்துக் காத்திராதீர்கள். வெட்கப்படாமல் உடனே சிலிம் ரிவர் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே, "கடைசி விலக்கு எப்போது?" என்று கேட்பார்கள். நாட்காட்டியில் குறித்து வைத்தவருக்குப் பதில் தயாராக இருக்கும்.