ஊட்டி மலை ரயில்: டீசல் இருக்க நீராவி எஞ்சின் எதற்கு? புது எஞ்சினும் பாரம்பரியமா?

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ஊட்டி மலை ரயிலைக் குன்னூர் வரை ஏற்றுவது நீராவி எஞ்சின். குன்னூர் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். அந்த டீசலையே மேட்டுப்பாளையத்தில் இருந்து ஓட்டினால் என்ன? இந்தக் கேள்வி பலருக்கும் வரும்.

டீசலால் ஏன் முடியாது?

சாதாரண ரயில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள பிடிமானத்தில்தான் ஓடுகிறது. கல்லாறு தாண்டினால் அந்தப் பிடி போதாது. சில இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயரம் ஏற வேண்டும். அதனால் கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். குன்னூர் - ஊட்டி டீசல் எஞ்சினில் இந்தப் பல்சக்கரம் கிடையாது.

நீராவி எஞ்சின் எப்படி ஏறுகிறது?

இங்கு ஓடுவது 'எக்ஸ்' ரக எஞ்சின். முதலில் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் தயாரானது. மொத்தம் 4 சிலிண்டர்கள். 2 சிலிண்டர்கள் சாதாரண சக்கரங்களைச் சுற்றும். அதிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற 2 சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுற்றும். ஒரே நீராவிக்கு ரெண்டு வேலை! இன்னொரு விஷயம், மலை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.

புது எஞ்சின் எங்கிருந்து வந்தது?

பழைய எஞ்சின்கள் தேயத் தேய, அவற்றுக்கான உதிரிபாகத்தைக் கடையில் வாங்க முடியாது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை அதே 'எக்ஸ்' ரகத்தைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. 2010-களில் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் வந்தன. 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினே தயாரானது.

அப்போ இது பாரம்பரியமா?

2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது ஒரு எஞ்சினை மட்டும் அல்ல, இந்த ரயில் பாதையை. பழைய எஞ்சின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அது ஒருநாள் அருங்காட்சியகத்தில் போய் நிற்கும். பாதையில் ரயில் இருக்காது. பாய்லரைக் கட்டவும், நீராவிக் கசிவை அடைக்கவும், பல்சக்கரத்தைக் கடையவும் தெரிந்த கைகள் இருக்கும்வரைதான் இந்த ரயில் மலை ஏறும். அந்தத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பதும் பாரம்பரியத்தைக் காப்பதுதான்.